சிறுபடகில் மின்கலவடுக்கும் உருகித்தொகுதியும்

1838ஆம் ஆண்டில், உருசிய நாட்டின் சென் பீற்றர்சுபேக்கு நகரில், நீவா நதியின்மீது, மொறிற்சு யக்கோபி என்னும் பௌதிகவறிஞர் மின்கலங்களின் ஆற்றலால் இயங்கும் படகொன்றைச் செலுத்திக் காட்டினார். துடுப்பும் பாயும் நீராவியுமே நீர்ப்பயணத்துக்கு உரியனவாயிருந்த அக்காலத்தில் அது பெருவியப்பாக இருந்தது. இன்றோ மின்கலவடுக்கு மிகச் சிறிய படகுகளிலும் இடம்பெற்றுவிட்டது. வடகடலில் இரவுத்தொழிலுக்குச் செல்லும் கண்ணாடியிழைப் படகுகளிலும் விளக்கு, ஜீ.பி.எஸ். என வழங்கும் இடங்காட்டுங் கருவி, வானொலித் தொடர்புக்கருவி முதலியன மின்னாலேயே இயங்குகின்றன.

பற்றரி என்று பொதுவழக்கிற் கூறப்படும் மின்கலவடுக்குப் படகின் ஓரிடத்திலும், கருவிகள் பிறிதோரிடத்திலும் இருக்கும். இடையே, பியூசுப்பெட்டி எனப்படும் உருகித்தொகுதி அமையும். மின்கலவடுக்கிலிருந்து வரும் ஒரு தடித்த கம்பி அதில் வந்து முடியும். அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் உருகி வழியாக மெல்லிய கம்பிகள் பிரிந்து செல்லும். இவ்வமைப்பினைப் பொருத்துவோர் பலர், உருகித்தொகுதி இருத்தலின் படகுக்குக் காப்பும் உண்டு என்று அமைந்துவிடுகின்றனர். மின்கலவடுக்கிலிருந்து அத்தொகுதிவரை செல்லும் தடித்த கம்பிக்குக் காப்பு யாது என்னும் வினா அவருள்ளத்தில் எழுவதில்லை. படகிற் பெருந்தீ மூட்டவல்லது அக்கம்பியே ஆதலின் அவ்வினா ஆராயத்தக்கது.

மின்கலவடுக்கின் ஆற்றல்

சிறுபடகுகளிற் பெரும்பாலும் பயன்படுவது 12 உவோற்று ஈய-அமில மின்கலவடுக்கு. 1859இல் பிரான்சிய அறிஞராகிய கசுதோன் பிளாந்தே அமைத்த கலத்தின் வழிவந்தது அது. ஏறக்குறைய 2.1 உவோற்றுத் தரும் கலங்கள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருத்தலின், முற்றாக மின்னேற்றிய அடுக்கின் முனைகளிடையே 12.6 உவோற்றளவு அழுத்தவேறுபாடு காணப்படும். உலர்ந்த கையால் அம்முனைகளைத் தொட்டாலும் அதிர்ச்சி தோன்றாது. வீட்டுக்கு வரும் 230 உவோற்று மின்னை அஞ்சுவோர் இதனை அஞ்சாமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும் ஈண்டுக் கருதவேண்டியது ஓட்டத்தின் அளவு. நல்ல நிலையிலுள்ள மின்கலவடுக்கின் அகத்தடை மிகச் சிறிது. ஓமின் ஆயிரத்திலொரு கூறாகிய மில்லியோமிற் சிலவே ஆகும். அதனை 6 மில்லியோம் எனக் கொள்வோமாயின், முனைகள் இரண்டும் நேரே இணைக்கப்பட்டவழி, ஓமின் விதிப்படி 2,100 அம்பியர் ஓட்டம் பாயும். வீட்டிலே துணி தேய்க்கும் மின்னழுத்தி கொள்ளும் ஓட்டம் 5 அம்பியரளவே என்பதை நோக்கின் இதன் பெருமை புலனாகும்.

இனி, படகில் நேரத்தக்க ஒரு நிகழ்ச்சியைக் கணக்கிட்டு நோக்கலாம். மின்கலவடுக்கிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செப்புக்கம்பி 3 மீற்றர் சென்று உருகித்தொகுதியை அடைகின்றது. திரும்பிவருங் கம்பியும் அத்தன்மையதே. அலையின் அதிர்வினால் கம்பி படகின் விளிம்பொன்றில் நாள்தோறும் உராய்ந்து, காவலுறை தேய்ந்து, உருகித்தொகுதியை அடையுமுன்பே இரு கம்பிகளின் செம்பும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. இது குறுஞ்சுற்று எனப்படும். 1 மீற்றர் நீளமும் 1 சதுர மில்லிமீற்றர் பரப்புமுள்ள செம்பின் தடை 0.0172 ஓம் ஆதலின், 6 மீற்றர்க் கம்பியின் தடை 0.041 ஓம் ஆகும். அகத்தடையையுஞ் சேர்த்தால் முழுத்தடை 0.047 ஓம்; ஓட்டம் ஏறக்குறைய 266 அம்பியர். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கக் கிடைப்பது வெப்பம் பிறக்கும் வீதம் என்பது யூலின் விதி. அதன்படி இக்கம்பியில் 2,900 உவாற்றளவு வெப்பம் பிறக்கும்.

இவ்வெப்பம் முழுவதையும் ஏற்பது 134 கிராம் செம்பே. அதன் வெப்பநிலை முதலில் வினாடிக்கு ஏறக்குறைய 55 பாகை செல்சியசு வீதம் உயரும். படகுகளில் இடப்படும் நல்ல கம்பிகளின் காவலுறை தாங்கவல்ல எல்லை 105 பாகை. 30 பாகையிலிருந்த கம்பி இரண்டு வினாடிக்குள் அவ்வெல்லையைக் கடந்துவிடும். மேலுஞ் சில வினாடிகளில் உறை உருகிப் புகைந்து தீப்பற்றும். இத்தனையும் நிகழும்போது உருகித்தொகுதியிலுள்ள உருகிகளில் ஒன்றேனும் அறுவதில்லை. ஓட்டம் அவற்றை அடையாமலே குறுக்குவழியில் திரும்பிவிடுகின்றது.

உருகியின் தொழில்

கடத்தியின் ஓரிடத்தை வேண்டுமென்றே மெல்லியதாக்கினால், மிகையான ஓட்டம் வரும்போது அவ்விடம் முதலில் உருகி அறுந்து எஞ்சிய பகுதியைக் காக்கும் என்பது உருகியின் தத்துவம். 19ஆம் நூற்றாண்டிலே தந்தி நிலையங்களை இடிமின்னலினின்றுங் காத்தற்கு மெல்லிய கம்பியை இடையிலிடுமாறு பிரான்சிய அறிஞர் லூயி பிரெகே கூறியதும் இத்தத்துவத்தைக் கொண்டே.

உருகி கருவியைக் காத்தற்கென்று இடப்படுவதாகவே பலர் எண்ணுவர். அதன் முதற்கடன் கம்பியைக் காத்தலாகும். விளக்கொன்று பழுதுற்றால் இழப்பு ஒரு விளக்கோடு முடியும். கம்பி பழுக்கக் காய்ந்தால் இழப்புப் படகாகும். ஆகவே உருகியின் அளவைத் தெரிவுசெய்யுங்கால் நோக்கவேண்டியது அதனை அடுத்துச் செல்லுங் கம்பியின் பருமனே. கருவிகள் கொள்ளும் ஓட்டத்தினும் உருகியின் அளவு கூடியிருத்தல் வேண்டும். கம்பி சூடேறாமற் றாங்கவல்ல ஓட்டத்தினும் அது குறைந்திருத்தல் வேண்டும். உருகி தன் அளவைத் தாண்டிய அக்கணமே அறுவதுமில்லை. மூன்றிலொரு பங்கு மிகுந்த ஓட்டத்தைச் சில நிமிடமளவுந் தாங்கக்கூடும். கம்பிக்கும் உருகிக்குமிடையே போதிய இடைவெளி வேண்டுமென்பது இதனாலாகும். ஆயின் குறுஞ்சுற்றுப் போன்ற பெருமிகை நேருமிடத்து அது பத்திலொரு வினாடிக்குள் அறுந்துவிடும். மேற்கூறிய கம்பிக்கு ஏற்றதோர் உருகி மின்கலவடுக்கருகே இருந்திருப்பின், கம்பியின் வெப்பநிலை 6 பாகையளவே உயர்ந்திருக்கும்.

இதனை வயலுக்கு நீர்பாய்ச்சும் முறையோடு ஒப்பிடலாம். குளத்து நீரைக் கட்டுப்படுத்தும் மதகு அணைக்கட்டிலேயே அமைந்திருக்கும். வாய்க்கால் இடைவழியில் உடைந்தால் வயலின் வாய்மடையை அடைத்துப் பயனில்லை. மதகையே மூடல் வேண்டும். உருகித்தொகுதி வயலின் வாய்மடை போன்றது. முதன்மை உருகி மதகு போன்றது.

முதன்மை உருகியின் இடம்

ஆகவே நேர்முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கம்பிக்கும், அது புறப்படுமிடத்துக்கு இயன்றவரை அண்மையில், முதன்மை உருகியொன்று இருத்தல் வேண்டும். 1954இல் நிறுவப்பெற்ற அமெரிக்கப் படகு, உல்லாசவள்ள மன்றம் வகுத்த நியமம் இத்தூரத்தை 7 அங்குலம், அதாவது ஏறக்குறைய 175 மில்லிமீற்றர் என வரையறுக்கின்றது. முனையோடு நேரே இணைந்த கம்பி உருகிவரை முழுவதும் தனியுறையொன்றனுள் அடங்கியிருப்பின் 72 அங்குலம்வரை இடங்கொடுக்கப்படும். முனையின்மீதே பொருத்தத்தக்க உருகிகளும் கிடைத்தலின் சிறுபடகில் இவ்விதியைக் கைக்கொள்ளல் அரிதன்று.

இவ்விதியினின்றும் மற்றொன்று பெறப்படும். பெரிய கம்பி சிறியதாகும் ஒவ்வோரிடத்தும் புதியதோர் உருகி வேண்டும். தடித்த கம்பிக்கென இட்ட 30 அம்பியர் உருகி, விளக்குக்குச் செல்லும் 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியைக் காக்காது. அம்மெல்லிய கம்பி கரிந்த பின்னரும் 30 அம்பியர் உருகி அறாதிருக்கலாம். உருகித்தொகுதியின் தேவை இங்கேதான் தோன்றுகின்றது. முதன்மை உருகி தாய்க்கம்பியையும், தொகுதியிலுள்ள உருகிகள் கிளைக்கம்பிகளையும் காக்கின்றன. ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்யமாட்டாது.

கம்பியின் பருமன்

கம்பி சூடேறாதிருத்தல் மாத்திரம் போதாது. 12 உவோற்றில் ஓர் உவோற்று இழப்பும் பேரிழப்பாகும். வானொலிக்கருவி பேசும்போது 6 அம்பியரும், அடிநீர் இறைக்கும் பம்பி 4 அம்பியரும், விளக்குகளும் ஆழமறிகருவியும் பிறவுஞ் சேர்ந்து 5 அம்பியரும் கொள்ளும் படகொன்றில் மொத்த ஓட்டம் 15 அம்பியர். உருகித்தொகுதி 4 மீற்றர் தொலைவிலிருப்பின் போக்குவரவுக் கம்பியின் நீளம் 8 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியை இட்டால் 0.83 உவோற்று வழியிலேயே கழியும். இது 12 உவோற்றில் நூற்றுக்கு 7 ஆகும். 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியை இட்டால் இழப்பு 0.34 உவோற்று, நூற்றுக்கு 3க்குச் சற்றுக் குறைவு. உயிர்க்காப்புக்குரிய விளக்கு முதலியவற்றுக்கும் உருகித்தொகுதிக்குச் செல்லும் தாய்க்கம்பிக்கும் நூற்றுக்கு 3ஐயே எல்லையாக மேற்படி நியமம் கொள்கின்றது. ஏனையவற்றுக்கு 10வரை அனுமதிக்கும்.

இவ்வெல்லை வீண் நுணுக்கமன்று. இழை சுடர்ந்து ஒளிதரும் விளக்கின் அழுத்தம் நூற்றுக்கு 10 குறைந்தால் அதன் ஒளி நூற்றுக்கு 30 அளவு குறைந்துவிடும். இரவிற் படகுகள் ஒன்றையொன்று கண்டு விலகுதற்கு 1972ஆம் ஆண்டின் சருவதேச மோதல் தவிர்ப்பு விதிகள் விளக்குகளை வகுத்துள்ளன. மங்கிய விளக்கைத் தொலைவில் வரும் பெருங்கப்பல் காணாது போகலாம். கம்பியில் மிச்சம்பிடித்த சிலநூறு ரூபாவுக்கு விலை அதுவாயின், அச்சிக்கனம் சிக்கனமாகாது.

உடைக்குந் திறன்

உருகியின்மேற் பொறித்திருக்கும் அம்பியர் அளவைத் தவிர வேறோர் அளவும் அதற்குண்டு. உருகி அறுந்த இடைவெளியில் மின்வில் தோன்றும். வீட்டு மின்னாகிய ஆடலோட்டம் வினாடிக்கு 50 சுற்றுக்களையுடையது. ஆதலின் அது 100 முறை பூச்சியமாகின்றது. வில் எளிதில் அவியும். மின்கலவடுக்குத் தரும் நேரோட்டம் ஒருபொழுதும் பூச்சியமாவதில்லை; வில் நீடித்து எரிந்து உருகியின் கூட்டையே சிதைத்துவிடலாம். எவ்வளவு பெரிய ஓட்டத்தைச் சிதையாமல் நிறுத்தவல்லது என்பதே உருகியின் உடைக்குந் திறனாகும். மோட்டார் வண்டிகளில் வழங்கும் தட்டையுருகியின் திறன் 1,000 அம்பியரளவு. நெடிய கிளைக்கம்பிகளில் அது போதும். மின்கலவடுக்கின் முனையிலோ குறுஞ்சுற்றோட்டம் இரண்டாயிரத்தையுந் தாண்டக்கூடும். எனவே அங்கு இடுவது பெருந்திறனுடையதாதல் வேண்டும். அண்மைக் காலத்திற் பரவிவரும் இலிதியம்-இரும்புப் பொசுபேற்று மின்கலவடுக்கின் அகத்தடை இன்னுங் குறைவு. பெரிய அடுக்குக்களுக்கு 20,000 அம்பியரை நிறுத்தவல்ல உருகிகளே இடப்படுகின்றன. வீட்டுக்கென அமைந்த உருகியையோ ஆளியையோ படகிற் பொருத்தலாகாது.

திரும்பும் வழி

மோட்டார் வண்டியில் நேர்முனையிலிருந்து சென்ற ஓட்டம் வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியே திரும்பும். கண்ணாடியிழைப் படகிலும் மரப்படகிலும் அத்தகைய சட்டம் இல்லை. உலோகப்படகிற் சட்டம் இருப்பினும் அதனைத் திரும்பும் வழியாகக் கொள்ளல் ஆகாது. கடல்நீரோடு சேர்ந்து அவ்வோட்டம் உலோகத்தை அரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு கருவியிலிருந்தும் எதிர்க்கம்பி தனியே வந்து பொதுவான செப்புச் சட்டமொன்றிற் சேர்ந்து, அங்கிருந்து தாய்க்கம்பியின் பருமனையே உடைய ஒரு கம்பியால் எதிர்முனையை அடைதல் வேண்டும். சென்ற ஓட்டம் முழுவதும் திரும்பியாகவேண்டுமாதலின் திரும்புங் கம்பி மெலிந்திருக்கலாகாது.

உருகி காணாத தீங்கு

உருகியாலும் தடுக்கமுடியாத தீங்கொன்று உண்டு. இணைப்பொன்று தளர்ந்தோ உப்புப்பூத்தோ 0.1 ஓம் தடையைப் பெற்றதாகக் கொள்க. அதனூடு 10 அம்பியர் செல்லும்போது அச்சிறு புள்ளியில் 10 உவாற்று வெப்பம் பிறக்கும். அணுவளவான இடத்தில் இது கம்பியுறையைக் கருக்கப் போதியது. ஓட்டமோ மிகவில்லை, உருகி அதனை அறியாது. கிலோகிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புடைய கடல்நீர் தெறிக்கும் படகில் இத்தகைய தளர்ச்சி விரைவில் நேரும். எனவே வெள்ளீயம் பூசிய பல நுண்ணிழைகளாலான செப்புக்கம்பியே படகுக்கு உகந்தது. ஒற்றை இழைக்கம்பி ஓயாத அதிர்வினால் முறிந்துவிடும். முனைகளை முறுக்கிக் கட்டாமல், வளையமுனைகளை உரிய கருவியால் நெரித்துப் பொருத்தி, வெப்பத்தாற் சுருங்கும் உறையால் மூடுதல் வேண்டும். கம்பியை 18 அங்குலத்துக்கு ஒருமுறையேனும் பிணித்து, கூரிய விளிம்புகளைக் கடக்குமிடத்து மேலுறை இடல் வேண்டும்.

உருகித்தொகுதி உயர்ந்த, உலர்ந்த இடத்தில் மூடியோடு இருத்தல் வேண்டும். மின்கலவடுக்கு இருக்கும் பெட்டியினுள் அதனை வைத்தலாகாது. மின்னேற்றும்போது ஈய-அமிலக் கலங்களிலிருந்து ஐதரசன் வெளிவரும். வளியில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது பொறிபட்டு வெடிக்கவல்லது. ஐதரசன் வளியினும் இலேசாதலின் மேலெழும்; பெற்றோலாவி கனமாதலின் படகின் அடியில் தேங்கும். மேலுங் கீழும் தீக்கு இடமுள்ள அச்சிறு வெளியில் ஒரு பொறியும் எழாதிருத்தல் வேண்டும். மின்கலவடுக்குப் படகு சாய்ந்தாலும் பெயராதவாறு இறுகக் கட்டப்பட்டு, மேலே காற்றோட்டமுடையதாய் இருத்தலும் இன்றியமையாதது.

பம்பிக்கு ஒரு விலக்கு

முதன்மை உருகியை அடுத்துத் தலைமையாளி ஒன்றை அமைத்து, படகைக் கரையில் விடுங்கால் முழு மின்சுற்றையும் நிறுத்திவைப்பது நன்று. ஆயின் நீர்மட்டம் உயர்ந்ததும் மிதவையாளியால் தானே இயங்கும் அடிநீர்ப் பம்பியை அவ்வாளிக்கு உட்படுத்தினால், ஆளற்ற படகில் மழைநீரோ கசிவோ நிறையும்போது பம்பி இயங்காது. காலையிற் படகு நீருள் ஆழ்ந்திருக்கும். எனவே பம்பியின் கம்பி தலைமையாளிக்கு முன்பே தனியாகப் பிரியவேண்டும். பிரியினும் முனையருகே அதற்கெனத் தனி உருகி இருந்தேயாகவேண்டும். அவ்வுருகி பம்பியை ஆக்கியோர் குறித்த அளவினதாதல் வேண்டும். குப்பை சிக்கிச் சுழலி நின்றுவிட்டால், பெரிய உருகி அறாது. பம்பியின் சுருள் வெந்துவிடும்.

பொருத்தும் ஒழுங்கும் சோதனையும்

வேலையைக் கருவிகளின் பக்கத்திலிருந்து தொடங்கி மின்கலவடுக்கில் முடித்தல் முறையாகும். கருவிக்கம்பிகள், செப்புச்சட்டம், உருகித்தொகுதி, தாய்க்கம்பி என்ற ஒழுங்கில் யாவும் பொருந்தியபின் நேர்முனையையும், அதன்பின் எதிர்முனையையும் இணைத்து, முதன்மை உருகியை ஈற்றில் இடல் வேண்டும். கழற்றும்போது எதிர்முனையே முதலில். இயந்திரத்தின் உலோகம் எதிர்முனையோடு தொடர்புடையது. எதிர்முனை இணைந்திருக்கையில் நேர்முனையின் சுரையைத் திருகும் சாவி இயந்திரத்தைத் தொட்டால், சாவியே குறுஞ்சுற்றாகிவிடும். கைமோதிரத்தையும் காப்பையும் கழற்றிவைத்தல் நன்று.

முடிந்தபின் கருவிகள் யாவற்றையும் இயக்கி, உவோற்றுமானியின் ஒரு முனையை மின்கலவடுக்கின் நேர்முனையிலும் மற்றதை உருகித்தொகுதியின் நேர்முனையிலும் வைத்து நோக்குக. முற்கூறிய 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் 0.2 உவோற்றளவே காணப்படும். அதனினும் மிகுந்து காட்டின் எங்கோ ஓரிணைப்புத் தளர்ந்துள்ளது என்பது தெளிவு. எதிர்ப்பக்கத்தையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதனைச் செய்யின், உருகி காணாத தீங்கை மனிதன் கண்டுகொள்ளலாம்.

உருகி அறுந்தவிடத்து அதனினும் பெரியதை இடுவதும், சிகரெட்டுப் பெட்டியின் மினுங்கற்றாளைச் சுற்றி இடுவதும் பலவிடத்தும் காணப்படும் வழக்கம். உருகி அறுந்தது என்பது தன் கடமையைச் செய்தது என்பதேயாகும். காரணத்தைத் தேடாது பெரியதை இடுவோர், அறவேண்டிய இடத்தை உருகியிலிருந்து கம்பிக்கு மாற்றிவிடுகின்றனர். தரையிலே தீப்பற்றிய வண்டியை விட்டு இறங்கி ஓடலாம். கரை கண்ணுக்கெட்டாத கடலிற் படகை விட்டு இறங்க இடமில்லை. சிறுவிலைக்குக் கிடைக்கும் ஓர் உருகி, மின்கலவடுக்கிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கின்றதா இல்லையா என்பதிலேயே அப்படகிலுள்ளோர் கரைசேர்வது தங்கியிருக்கக்கூடும்.